சிவப்பு முள்

மாதம் ஒருமுறை இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்குவேன்.
சிலந்தி இருக்கும். சில வேளை பாம்புச் சட்டை.
அதற்கும் கீழே, சேறு படிந்த கண்ணாடிக்குள்
ஒரு சிவப்பு முள்.
இருபத்தாறு வருடமாக
வில்லோ ஃபோர்க் ஊரை நான் வாசிப்பது அங்கேதான்.

யார் வீட்டில் குழந்தை பிறந்தது,
எந்தக் கணவன் போய்விட்டான்,
குளிப்பதை நிறுத்திவிட்ட கிழவர் யார்,
முள்ளுக்குத் தெரியும்.
நகராட்சிக்கு எண்கள் போதும். அதை மட்டும் எழுதுவேன்.

இறைச்சி ஆலை கூலியைக் குறைத்த வருடம்
என் மைத்துனன் டுவேன்
கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தான்.
பதினெட்டு டாலர் வேலைக்கு
பதினொன்றுக்கு ஆள் கிடைத்தது.
ஆள் எங்கிருந்து என்று ஆலை கேட்கவில்லை.
டுவேன் கேட்டான், தினமும், மதுக்கடையில்.
ஆலையிடம் போய்க் கேட்டதில்லை.

எல்ம் தெரு இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்:
எவாரிஸ்தோ இஷ்கோய், பாஸ்கால் இஷ்கோய்.
தண்ணீரில் பதினோரு பேர்.
விடிகாலை நான்கு மணிக்கு
மாட்டு ரத்தத்தை மயிர்க்கால் வரை தேய்த்துக் கழுவும் தண்ணீர்.

கழிவுநீர்க் குட்டை நிரம்பி வழிந்தது.
வரியை ஏற்றினார்கள்.
கூட்டத்தில் நாற்காலியைத் தட்டிக் கத்தினோம்.
நானும்தான் கத்தினேன், பொய் சொல்வானேன்.
அதே கூட்டத்தில், மூடவிருந்த பள்ளிக்கு
நாற்பத்து மூன்று பிள்ளைகள் சேர்ந்துவிட்டதால்
இனி மூட வேண்டாம் என்று ஒரு தாளை வாசித்தார்கள்.
அப்போது பாதிப் பேர்
கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும்.
ஜனவரியில் மூடிகள் பனிக்கடியில் போய்விடும்,
வீட்டுக்கு வீடு குனிந்து தோண்டுவேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில் மட்டும்
யாரோ முன்கூட்டியே சுரண்டி வைத்திருப்பார்கள்,
மூடியின் வட்டத்துக்குச் சரியாக.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய், விடியுமுன்
கண்ணாடி கறுத்த நான்கு பேருந்துகள்.
அதிகாரிகளுக்கு இத்தனை காலம்
தண்ணீர் காட்டியவர்கள் சிக்கினார்கள் என்று டுவேன் சிரித்தான்.
அந்தத் தண்ணீரையும் நான் அளந்திருந்தேன்.

ஏப்ரலில் மூடிகளைத் தூக்கினேன்.
மூன்றாம் தெரு, அசைவில்லை.
ரொட்டிக்கடை, அசைவில்லை.
ஓடாத தண்ணீர் குழாயிலேயே கெட்டுப்போகும்.
ஆகவே தீயணைப்புக் குழாய்களைத் திறந்து
தெருவில் விட்டோம்.
யாரும் குளிக்காத, யாரும் சோறாக்காத தண்ணீர்
துருவின் நிறத்தில் ஒரு மணி நேரம்
ஆளில்லாத வாசல்களைக் கடந்து ஓடிற்று.
அதற்கும் யாராவது காசு கட்டவேண்டும்.
எங்கள் தலையில்தான் விழுந்தது.

ஆலை டுவேனைத் திரும்பக் கூப்பிட்டது.
கூலி? அதே பதினொன்று.
மூன்று நாள் போனான். தோள் இறங்கிவிட்டது.
இப்போது மதுக்கடையில் பேசுவதில்லை,
தொலைக்காட்சியைப் பார்க்கிறான்.

நேற்று மார்லிஸ் ஒரு பட்டியல் தந்தாள்:
பணம் கட்டாத வீடுகள், இணைப்பைத் துண்டிக்க.
எட்டாவது வரியில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கதவில் நோட்டீஸ். ஜன்னலுக்கு அட்டை.
புல் முழங்கால் உயரம்.
திருகியை இறக்கினேன்.

முள் அசைந்தது.

அரை வட்டம். நின்றது.
கொஞ்சம் பொறுத்து மறுபடி, விரல்கடை அளவு.
ஒரு குவளை நிரம்பும் நேரம்.
உள்ளே ஒருவர்
ஓசை வராமல் குழாயைத் திறக்கப் பழகியிருக்கிறார்.
எனக்குக் கால் மரத்துப்போனது.
பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்து
அலுத்துப்போய்ப் படுத்தது.

நான் நல்லவன் இல்லை. கூட்டத்தில் கத்தியவன்.
ஜூலையில் வரி மறுபடி ஏறினால் மறுபடி கத்துவேன்.

தாளில் எழுதினேன்: கசிவு. துண்டிக்குமுன் பழுது பார்க்கவும்.
மார்லிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
எவ்வளவு கசிவு?
கொஞ்சம்தான் என்றேன்.
பழுது பார்க்கும் ஆளை எப்போது அனுப்புவது?
சின்ன ஊர் இது.
பழுது பார்க்கும் ஆளும் நான்தான்.
எனக்கு இந்த மாதம் முழுக்க வேலை இருக்கிறது என்றேன்.